லவுண்ட்ஸ் கவுண்டியின் கருஞ்சிறுத்தை

கருஞ்சிறுத்தை என்றதும் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரமும், தோல் மேலங்கி அணிந்து துப்பாக்கியுடன் அணிவகுத்த இளைஞர்களும்தான் பெரும்பாலோர் நினைவுக்கு வருவார்கள். ஹூயி நியூட்டனும் பாபி சீலும் 1966 அக்டோபரில் தொடங்கிய கட்சி அது. ஆனால் அந்தச் சிறுத்தை அவர்கள் வரைந்ததல்ல. அதற்குச் சில மாதங்கள் முன்பே, மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அலபாமா மாநிலத்தின் பருத்திக் காட்டில், எழுதப் படிக்கத் தெரியாத குத்தகை விவசாயிகள் வாக்குச் சீட்டில் அடையாளம் காண்பதற்காக உருவான தேர்தல் சின்னம் அது. அந்தச் சின்னத்தை வைத்திருந்த கட்சியின் பெயர் லவுண்ட்ஸ் கவுண்டி விடுதலை அமைப்பு. ஒரே ஒரு கவுண்டிக்குள், அதாவது நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பகுதிக்குள், பிறந்து, அங்கேயே வாழ்ந்து, ஐந்து ஆண்டு நிறைவதற்குள் இன்னொரு கட்சியில் கரைந்துபோனது. நாடாளுமன்றமோ மாநிலச் சட்டமன்றமோ அதன் இலக்காக இருந்ததே இல்லை. தன் சொந்தச் சின்னத்தில் ஒரு பதவியைக்கூட அது வென்றதும் இல்லை.

அரசியல் வரலாற்றில் இத்தகைய கட்சிகளுக்குக் கிடைக்கும் இடம் ஓர் அடிக்குறிப்பு. லவுண்ட்ஸ் கட்சிக்கும் அதுதான் கிடைத்தது; ஓக்லாந்து கட்சியின் முன்கதை, கறுப்பர் உரிமைப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேலின் வாழ்க்கையில் ஓர் அத்தியாயம் என்ற அளவில். 2009இல் ஹசன் குவாமி ஜெஃப்ரிஸ் என்ற வரலாற்றாசிரியர் இந்தக் கவுண்டியைப் பற்றித் தனி நூல் எழுதிய பிறகுதான் நிலைமை மாறியது. அந்தக் கட்சி செய்த வேலையை அதன் அளவைக் கொண்டும் ஆயுளைக் கொண்டும் எடைபோடுவது தவறு என்பது என் கருத்து. ஆளப்படுபவர்களுக்கு ஆட்சி எப்படி நடக்கிறது என்று சொல்லிக்கொடுத்து, அவர்களையே வேட்பாளர்களாக நிறுத்திய கட்சிகள் உலகில் மிகக் குறைவு. இது அவற்றுள் ஒன்று.

முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும். செல்மாவுக்கும் மாநிலத் தலைநகரான மாண்ட்கோமரிக்கும் நடுவே, 80ஆம் எண் நெடுஞ்சாலையின் இருபுறமும் விரிந்து கிடக்கிறது லவுண்ட்ஸ் கவுண்டி. கரிய மண்ணால் கறுப்புப் பட்டை என்று பெயர் பெற்ற நிலப்பகுதியைச் சேர்ந்தது. 1960 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 15,000 சொச்சம். ஐந்தில் நான்கு பங்கினர் கறுப்பின மக்கள். நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு 86 வெள்ளைக் குடும்பங்களின் கையில் இருந்தது. 1965 தொடங்கியபோது, வாக்களிக்கும் வயதுடைய ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பர்களில் ஒருவர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. வெள்ளையர் பக்கமோ, வயது வந்தவர்களின் எண்ணிக்கையைவிடப் பட்டியலில் இருந்த பெயர்களின் எண்ணிக்கை அதிகம். செத்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் பட்டியலில் நிலைத்திருந்தார்கள். இந்தக் கவுண்டியை அக்கம்பக்கத்தார் அழைத்த பெயர், ரத்த லவுண்ட்ஸ்.

1965 மார்ச் முதல் தேதி, முப்பதுக்கும் மேற்பட்ட கறுப்பர்கள் ஹெய்ன்வில் ஊரின் நீதிமன்றக் கட்டடத்துக்குப் போய்த் தங்கள் பெயரைப் பதியும்படி கேட்டார்கள். திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்த மாத நடுவில் மறுபடியும் போனபோது இரண்டு பேருக்கு மட்டும் பதிவு கிடைத்தது. ஒருவர் பார்வையற்ற போதகர். மற்றவர் ஜான் ஹியூலெட். ஹியூலெட் இந்தக் கவுண்டியில் பிறந்தவர். பர்மிங்ஹாம் நகரத்தில் தொழிற்சாலை வேலை பார்த்தபோது தொழிற்சங்கத்திலும், பிரெட் ஷட்டில்ஸ்வொர்த் நடத்திய உரிமை இயக்கத்திலும் பழகியவர். ஊர் திரும்பியபோது அந்தப் பயிற்சியைக் கையோடு கொண்டுவந்தார். சில நாட்களுக்குள் மனித உரிமைக்கான கிறித்தவ இயக்கம் ஒன்று கவுண்டி அளவில் உருவாகி, அதற்கு அவர் தலைவரானார். கட்சியின் விதை இதுதான். வெளியூர் இளைஞர்கள் வந்து ஊரை எழுப்பினார்கள் என்று பரவலாகச் சொல்லப்படும் கதைக்கு இந்தத் தேதிகள் இடம் தரவில்லை. அவர்கள் வரும் முன்பே ஊர் எழுந்துவிட்டது.

அதே மாதம் 21ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்குப் புறப்பட்ட புகழ்பெற்ற நடைபயணம் இந்தக் கவுண்டியின் குறுக்கேதான் போனது. நெடுஞ்சாலை குறுகும் இடத்தில் முந்நூறு பேர் மட்டுமே நடக்கலாம் என்பது நீதிமன்ற உத்தரவு. அந்தப் பயணம் முடிந்த இரவில், நடந்தவர்களைக் காரில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த டெட்ராய்ட் பெண்மணி வயோலா லியூசோவை கூ கிளக்ஸ் கிளான் ஆட்கள் இந்தக் கவுண்டிச் சாலையில் சுட்டுக் கொன்றார்கள். நடைபயணத்தை வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்களின் பெயரையும் வீட்டையும் குறித்துக்கொண்டிருந்தார் கார்மைக்கேல். மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவின் களப்பணியாளர் அவர். பயணம் மாண்ட்கோமரிக்குப் போய்விட்டது. அவரும் பாப் மான்ட்ஸ் முதலான தோழர்களும் லவுண்ட்ஸிலேயே தங்கிவிட்டார்கள்.

தங்கியவர்களுக்கு அந்தக் கோடைக்காலம் கொடுமையாக இருந்தது. ஆகஸ்ட் 6ஆம் தேதி வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. சில நாட்களில் கூட்டாட்சி அரசின் பதிவு அலுவலர்கள் லவுண்ட்ஸுக்கும் வந்துவிட்டார்கள். அதே ஆகஸ்ட் 20 அன்று, ஹெய்ன்வில் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டுக் குளிர்பானம் வாங்கக் கடைக்குப் போன உரிமை இயக்கப் பணியாளர்களின் சிறு குழுவை டாம் கோல்மன் என்ற தன்னார்வத் துணை ஷெரீப் துப்பாக்கியுடன் வழிமறித்தான். பதினேழு வயது ரூபி சேல்ஸைத் தள்ளிவிட்டுக் குண்டைத் தன் உடலில் வாங்கி இறந்தார் ஜானதன் டேனியல்ஸ் என்ற வெள்ளை இறையியல் மாணவர். முழுக்க வெள்ளையர் அடங்கிய நடுவர் குழு கோல்மனை விடுதலை செய்தது. கறுப்பர்களையும் பெண்களையும் நடுவர் பட்டியலிலிருந்து ஒதுக்கிவைப்பது அரசமைப்புக்கு எதிரானது என்று லவுண்ட்ஸிலிருந்து எழுந்த ஒரு வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் 1966இல் தீர்ப்பளித்தது. கொலைகாரன் தப்பிய பிறகு வந்த தீர்ப்பு அது.

இந்த நிகழ்ச்சியிலிருந்து ஊர் மக்கள் படித்த பாடம் தெளிவானது. கொலை செய்தவனின் அதிகாரம் ஷெரீப் கொடுத்தது. நடுவர் குழுவில் யார் உட்காருவது என்பதைத் தீர்மானிப்பது கவுண்டி நிர்வாகம். பெருநிலத்துக்கு எவ்வளவு வரி என்று எழுதுவது சொத்துவரி மதிப்பீட்டாளர். பிள்ளைகள் ஒழுகும் கூரைக்கடியில் படிக்க வேண்டுமா என்பது கல்விக் குழுவின் கையில். வாஷிங்டனில் யார் ஆண்டாலும் அன்றாட வாழ்வை ஆண்டவர்கள் இவர்கள்தான். வாக்குரிமை வந்துவிட்டது, யாருக்கு வாக்களிப்பது?

ஜனநாயகக் கட்சிக்கு என்றார்கள் தேசியத் தலைவர்கள். அலபாமா ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். அதன்மேல் வெள்ளையர் மேலாண்மை என்ற சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன. 1966 தொடக்கத்தில்தான் அந்தச் சொற்களை மாற்றினார்கள். சேவல் அப்படியே இருந்தது. லவுண்ட்ஸில் அந்தக் கட்சியை நடத்தியவர்கள் யார்? பெயரைப் பதிந்த குற்றத்துக்காகக் குத்தகைக்காரர்களை நிலத்திலிருந்து விரட்டியவர்கள். கவுண்டிப் பதவிகளுக்கான வேட்பு மனுக் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 500 டாலராக ஏற்றியதும் அவர்களே. மாணவர் குழுவுக்கு இன்னொரு பழைய காயமும் இருந்தது. 1964 ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு ஃபேனி லூ ஹேமர் உள்ளிட்ட மிசிசிப்பி கறுப்பர்கள் தங்கள் தனிப் பிரதிநிதிக் குழுவுடன் போனார்கள். மாநிலத்தின் வெள்ளைக் குழுவுக்குப் பதில் தங்களை அமர்த்தும்படி கேட்டார்கள். கிடைத்தது இரண்டே இருக்கை என்ற சமரசம். அதை அவர்கள் ஏற்கவில்லை. அலபாமாவில் மறுபடியும் போய் அதே கதவைத் தட்டுவதில் பொருளில்லை என்று களப்பணியாளர்கள் முடிவெடுத்ததற்கு அந்த அனுபவம் முக்கியமான காரணம்.

வழி காட்டியவர் ஜாக் மினிஸ். மாணவர் குழுவின் ஆய்வுப் பிரிவுக்குப் பொறுப்பாளர். அலபாமாவின் சட்டப் புத்தகங்களைக் குடைந்து ஒரு பழைய பிரிவைக் கண்டெடுத்தார். கவுண்டி அளவில் யார் வேண்டுமானாலும் கட்சி தொடங்கலாம். மற்றக் கட்சிகளின் முதல்நிலைத் தேர்தல் நடக்கும் நாளில் பொதுக்கூட்டம் கூட்டி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நவம்பர் தேர்தலில் நூற்றுக்கு இருபது வாக்கு கிடைத்தால் முறையான கட்சியாக அங்கீகாரம் வந்துவிடும். மனுக் கட்டணத்தின் கொட்டமும் இந்த வழியில் செல்லாது. ஆதிக்கக்காரர்கள் எழுதிய சட்டத்தையே எடுத்து அவர்களுக்கு எதிராக நிறுத்திய இந்த நுட்பம் இந்தக் கட்சியின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உணர்ச்சி ஊட்டும் பேச்சுகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். சட்டப் பிரிவுகளைப் பொறுமையாகப் படித்துக்கொண்டிருந்தவர்களை மறந்துவிடுகிறோம்.

கட்சி என்றால் சின்னம் வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. உதயசூரியனையும் இரட்டை இலையையும் பார்த்து முத்திரை குத்திப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதலில் புறாவை யோசித்தார்களாம். அது யாருக்கும் பிடிக்கவில்லை. அட்லாண்டாவின் கிளார்க் கல்லூரி விளையாட்டு அணிகளுக்குச் சிறுத்தைதான் அடையாளம். ரூத் ஹவர்ட், டாரதி செல்னர் ஆகிய இரு பெண்கள் அதைப் பார்த்துப் பாய்ச்சலுக்கு ஆயத்தமான கருஞ்சிறுத்தையை வரைந்து கொடுத்தார்கள். சீண்டினால் பின்வாங்கும், மூலையில் தள்ளினால் உயிர் கொடுத்துப் போராடும் என்று ஹியூலெட் அந்த விலங்குக்கு விளக்கம் சொல்வார். நாடெங்கும் இருந்த பத்திரிகையாளர்கள் கட்சியின் பெயரைக்கூட எழுதாமல் கருஞ்சிறுத்தைக் கட்சி என்றே எழுதினார்கள். சேவலின் கொள்கை அவர்களை அச்சுறுத்தவில்லை. சிறுத்தையின் உருவம் அச்சுறுத்தியது.

இந்தக் கட்சியின் உண்மையான சாதனை 1965 குளிர்காலத்துக்கும் 1966 இலையுதிர் காலத்துக்கும் இடையில் தேவாலயக் கூடங்களில் நடந்தது. வாராவாரம் கூட்டம். ஷெரீப்பின் கடமை என்ன, அவர் யாரைக் கைது செய்யலாம், யாரைச் செய்யக்கூடாது? வரி வசூலிப்பவருக்கும் வரி மதிப்பீட்டாளருக்கும் வேறுபாடு என்ன? மரண விசாரணை அதிகாரி எழுதும் ஒரு வரி ஒரு கொலையை விபத்தாக மாற்றுவது எப்படி? படிக்கத் தெரிந்தவர்களுக்கு எளிய கையேடு. தெரியாதவர்களுக்குப் படக்கதைப் புத்தகம். ஜெனிபர் லாசனும் கோர்ட்லண்ட் காக்ஸும் சேர்ந்து உருவாக்கிய அந்தப் படக்கதைகளில், சாதாரண ஊர்க்காரர் ஒருவர் தன்னால் அந்தப் பதவியில் உட்கார முடியாது என்று நினைத்துத் தயங்குவார். பிறகு அந்த வேலை என்னவென்று தெரிந்ததும் தயக்கம் போய்விடும். பதவி என்பது படித்த பெரிய மனிதர்களுக்கு உரியது என்ற எண்ணத்தை உடைப்பதே பாடத்தின் நோக்கம். நகரத்துக் கறுப்பு நடுத்தர வர்க்கத் தலைவர்களுக்கும் இந்தக் கட்சி உறுத்தலாக இருந்ததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. இங்கே தலைமைக்குக் கல்லூரிச் சான்றிதழ் தேவைப்படவில்லை.

கட்சிக்கு விலை கொடுத்தவர்கள் குத்தகைக் குடும்பங்கள். பெயரைப் பதிந்ததற்காக நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கு 1965 டிசம்பரில் நெடுஞ்சாலை ஓரம் இயக்கம் வாங்கிய ஆறு ஏக்கரில் கூடாரங்கள் அடிக்கப்பட்டன. குளிர், சேறு, இரவில் காரில் வந்து சுட்டுவிட்டுப் போகும் ஆட்கள். கூடாரத்துக்குள் சிலர் இரண்டு ஆண்டு வரை இருந்தார்கள். சுடப்பட்டால் திருப்பிச் சுட ஊர்க்காரர்கள் துப்பாக்கி வைத்திருந்தார்கள். காவலுக்கு முறை வைத்து விழித்திருந்தார்கள். அகிம்சைக் குழுவிலிருந்து வந்த இளைஞர்கள் இதைத் தடுக்கவில்லை. அவர்கள் தூங்கிய வீடுகளைக் காத்ததும் அந்தத் துப்பாக்கிகள்தான்.

1966 மே 3, வேட்பாளர் தேர்வு நாள். நீதிமன்ற வளாகத்தில் கூட அனுமதி இல்லை என்றார் ஷெரீப். பாதுகாப்புக்கும் பொறுப்பில்லை என்றார். அப்படியானால் ஆயுதத்துடன் அங்கேயே கூடுவோம் என்று ஹியூலெட் பின்வாங்க மறுத்தார். கூட்டாட்சி நீதித்துறை தலையிட்டது. கடைசியில் அரை மைல் தள்ளியிருந்த முதல் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கூட்டம் நடத்தலாம் என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஒத்துக்கொண்டார். சுமார் 900 பேர் வந்தார்கள். அதே நாளில் ஜனநாயகக் கட்சியின் முதல்நிலைத் தேர்தல். அங்கே வாக்களித்தவர் இங்கே பங்கெடுக்க முடியாது. ஆளுநர் ஜார்ஜ் வாலஸின் மனைவி லர்லீன் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்ட தேர்தல் அது. அவரைத் தோற்கடிக்க ஜனநாயகக் கட்சிக்குள் வந்து வாக்களியுங்கள் என்று கிங்கின் அமைப்பினர் கவுண்டி கவுண்டியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய வாதத்திலும் நியாயம் இருந்தது. மாநில ஆட்சி பகைவன் கையில் இருக்கும்போது கவுண்டியை மட்டும் வென்று என்ன செய்வது? அதற்கு அந்த 900 பேர் தந்த பதில், தேவாலய வளாகத்தில் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தது. ஷெரீப் பதவிக்கு சிட்னி லோகன், வரி மதிப்பீட்டாளர் பதவிக்கு ஆலிஸ் மூர், வரி வசூலுக்கு பிராங்க் மைல்ஸ், மரண விசாரணைக்கு எமரி ராஸ், கல்விக் குழுவுக்கு ராபர்ட் லோகன், ஜான் ஹின்சன், வில்லி மே ஸ்டிரிக்லண்ட். பணக்காரருக்கு வரி போட்டு ஏழைக்குச் சோறு போடுவது என்பதே தன் கொள்கை என்று ஆலிஸ் மூர் ஒரே வரியில் பேசி முடித்தார். லர்லீன் வாலஸ் அன்று எளிதாக வென்றார்.

நவம்பர் 8 அன்று ஏழு பேரும் தோற்றார்கள். இத்தனைக்கும் பட்டியலில் கறுப்பு வாக்காளர் எண்ணிக்கை வெள்ளையர் எண்ணிக்கையை எட்டிப்பிடித்திருந்தது. பண்ணை முதலாளிகள் தங்கள் ஆட்களை லாரியில் ஏற்றி வந்து சேவலுக்கு வாக்களிக்க வைத்தார்கள். கூலியும் குடிசையும் கடனும் ஒரே கையில் இருந்தவர்களை நாம் எப்படிக் குறை சொல்வது? ஃபோர்ட் டெபாசிட் ஊரில் கட்சிப் பணியாளர் ஒருவரை அன்று மாலையே அடித்து நொறுக்கினார்கள். ஆனால் வேட்பாளர்கள் நூற்றுக்கு நாற்பதை ஒட்டி வாக்குப் பெற்றிருந்தார்கள். சட்டம் கேட்டது இருபது. கட்சி அங்கீகாரம் பெற்று, பெயரை லவுண்ட்ஸ் கவுண்டி விடுதலைக் கட்சி என்று மாற்றிக்கொண்டது. இருபது மாதத்துக்கு முன் பட்டியலில் ஒரு பெயர்கூட இல்லாத மக்கள் செய்த காரியம் இது.

இதற்குள் சிறுத்தை ஊரை விட்டுக் கிளம்பிவிட்டது. கார்மைக்கேல் அந்த மே மாதமே மாணவர் குழுவின் தலைவரானார். ஜூனில் மிசிசிப்பியின் கிரீன்வுட் ஊரில் அவர் எழுப்பிய கறுப்பு அதிகார முழக்கம் உலகெங்கும் கேட்டது. அக்டோபரில் ஓக்லாந்து கட்சி பிறந்தது. 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே. வி. பவாரும் தோழர்களும் தலித் பேந்தர்ஸ் இயக்கத்தைத் தொடங்கியபோது ஓக்லாந்தைப் பார்த்துப் பெயர் எடுத்தார்கள். 1980களில் அது மதுரைக்கு வந்தது. அங்கே அதற்குத் தலைமை ஏற்றிருந்த மலைச்சாமிக்குப் பின் 1990இல் தொல். திருமாவளவன் பொறுப்பேற்றார், விடுதலைச் சிறுத்தைகள் உருவானார்கள். தமிழ்நாட்டுச் சிறுத்தைகள் தேர்தலைப் புறக்கணித்து வளர்ந்து, 1999இல்தான் தேர்தல் களத்துக்கு வந்தார்கள். அலபாமாவில் அந்த விலங்கு பிறந்ததே வாக்குச் சீட்டுக்காக என்பது இங்கே அதிகம் பேசப்படாத செய்தி. சேரிக்கும் நிலக்கிழாருக்கும் இடையே ஊராட்சிப் பதவிகளுக்காகப் போராட்டம் நடக்கும் நம் மாவட்டங்களுக்கு, ஓக்லாந்தின் தெருக்களைவிட லவுண்ட்ஸின் வயல்களே நெருக்கமான உறவு என்று நினைக்கிறேன்.

ஊரில் எஞ்சிய கட்சியின் பிற்காலத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். மாணவர் குழு தளர்ந்து வெளியேறியது. 1966இலேயே வெள்ளையர் தங்கள் பிள்ளைகளுக்கென்று லவுண்ட்ஸ் அகாடமி என்ற தனியார் பள்ளியைத் தொடங்கிவிட்டதால் அரசுப் பள்ளிகளைப் பற்றி அவர்களுக்குக் கவலை குறைந்துபோனது. 1968 தேர்தலிலும் தோல்வி. ஹண்ட்ஸ்வில் நகரத்துப் பல் மருத்துவர் ஜான் கேஷின் மாநில அளவில் அலபாமா தேசிய ஜனநாயகக் கட்சியை நடத்திவந்தார். அதன் சின்னம் கழுகு. 1970இல் லவுண்ட்ஸ் கட்சி அதனுடன் இணைந்தது. அந்த நவம்பரில், கழுகுச் சின்னத்தில் நின்ற ஹியூலெட் ஷெரீப் ஆனார். ஐந்து ஆண்டுக்கு முன் நீதிமன்ற வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட மனிதர் அதே ஊரின் சட்டக் காவலர். 22 ஆண்டு அந்தப் பதவியில் இருந்தார். பிறகு நீதிபதிப் பதவியும் வகித்து, 2006இல் மறைந்தார்.

வெற்றியா இது? ஐயமில்லாமல் வெற்றி. சிறையில் அடிப்பதும் சாலையில் சுடுவதும் நின்றன. ஆனால் அதனுடன் வேறொன்றும் நின்றுபோனது. தேவாலயக் கூட்டங்களில் நடந்த வகுப்பு நின்றது. வேட்பாளர்களைக் கூடித் தேர்ந்தெடுக்கும் வழக்கம் போய், செல்வாக்குள்ள ஒருவரைச் சுற்றி அரசியல் நடக்கும் பழைய வழக்கம் திரும்பியது. ஹியூலெட்டும் காலப்போக்கில் ஜனநாயகக் கட்சிக்குள் போனார். ஆலிஸ் மூர் கேட்ட வரி வரவில்லை. கவுண்டி விரும்பினாலும் சொத்துவரியை ஏற்ற முடியாதபடி மாநிலத்தின் அரசமைப்புச் சட்டமே கட்டிப்போட்டிருக்கிறது. நிலம் பெரும்பாலும் பழைய குடும்பங்களிடமே தங்கியது. கிங்கின் அமைப்பினர் எழுப்பிய கேள்விக்கு இந்த அளவில் வரலாறு அவர்கள் பக்கம் சாய்ந்தது. ஆனால் கவுண்டியைக்கூட வெல்லாதவர்கள் மாநிலத்தை எதைக் கொண்டு அசைத்திருப்பார்கள்? கட்சி தன் பள்ளியைக் கலைத்ததுதான் தவறு. தனித்து நின்றது தவறில்லை.

அந்தப் பள்ளி தேவைப்படும் காலம் முடிந்துவிடவும் இல்லை. லவுண்ட்ஸின் களிமண் தண்ணீரை உறிஞ்சாது. வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி போட ஆகும் செலவு ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாது. எனவே கறுப்பின மக்கள் பலரின் வீட்டுப் பின்புறத்தில் சாக்கடை தேங்கி நிற்கிறது. ஒழித்துவிட்டதாகக் கருதப்பட்ட கொக்கிப்புழுவின் தடயங்களை 2017இல் ஆய்வாளர்கள் அங்கே கண்டார்கள். இதற்காகப் பல ஆண்டுகளாகப் போராடிவரும் கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ் இந்தக் கவுண்டியில் வளர்ந்தவர். கழிவுநீர் வசதி இல்லாத குற்றத்துக்காக ஏழைகள்மீதே வழக்குப் போட்டுக்கொண்டிருந்தது மாநிலச் சுகாதாரத் துறை. 2023 மே மாதம் அமெரிக்க நீதித்துறை தலையிட்டு, அத்தகைய வழக்குகளை நிறுத்தவும் வசதி செய்து தரவும் ஒப்பந்தம் செய்ய வைத்தது. 2025 ஏப்ரலில் வாஷிங்டனின் புதிய அரசு அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தது.